ரோட்டரி காருக்கு விலை கூடிய காயில் வாங்கலாமா?

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறேன். போன மாதம் ஒரு டீலரிடம் 2006 மாஸ்டா ஆர்எக்ஸ்-8 (ரோட்டரி இன்ஜின், மேனுவல் கியர்) வாங்கினேன். 1,10,000 கி.மீ. ஓடிய வண்டி. 5,000 ஆர்பிஎம்முக்கு மேலே போனால் திக்கித் திக்கி இழுக்கிறது. இரண்டு முறை இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. ‘ஹை பவர்’ இக்னிஷன் கிட் (பிளக் பொறி விட உயர் வோல்டேஜ் கொடுக்கும் பெரிய காயில்கள்) போட்டால் கோளாறும் போகும், 15 குதிரைத்திறனும் கூடும் என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். கம்பெனி காயில் செட்டைவிட விலை இரண்டு மடங்குக்கு மேல். போடலாமா?

பதில்: முதலில் வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வையுங்கள். இன்ஜின் விளக்கு நிலையாக எரிவது வேறு, மின்னுவது வேறு. மின்னினால் மிஸ்ஃபயர், அதாவது உள்ளே பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். எரியாத பெட்ரோல் நேராக கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு (புகையைச் சுத்தம் செய்யும் பகுதி) போய் அங்கே எரியும். அதன் உட்பகுதி உருகி அடைத்துக்கொண்டால், வெளியேற வேண்டிய சூடு இன்ஜினுக்குள்ளேயே தேங்கி, கசிவைத் தடுக்கும் சீல்களைக் கெடுக்கும். ஒரு காயிலோடு முடிய வேண்டிய செலவு இன்ஜினைப் பிரிக்கும் வரை போவது இந்த வண்டியில் அப்படித்தான்.

இந்தக் காரில் காயில் ஏன் சீக்கிரம் களைத்துப்போகிறது என்று தெரிந்தால், என்ன வாங்குவது என்பதும் தெளிவாகிவிடும். சாதாரண நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில், சிலிண்டருக்கு ஒன்று என்று இருக்கும் காயில், ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு முறை பொறி விட்டால் போதும். ரோட்டரியில் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர்கள் சுழலும் இன்ஜின்) ஒவ்வொரு சுற்றுக்கும் விட வேண்டும். உங்கள் வண்டியின் உச்சமான 9,000 ஆர்பிஎம்மில், நான்கு காயில்களில் ஒவ்வொன்றும் நொடிக்கு 150 முறை பொறி விடுகிறது. இரண்டு பொறிகளுக்கு நடுவே கிடைப்பது சுமார் 6.7 மில்லி விநாடி. அதற்குள் மறுபடி சார்ஜ் ஏற வேண்டும். போதாக்குறைக்கு இன்ஜின் சூடு வேறு. காயில் தளர்ந்துவிட்டால் மெதுவாகப் போகும்போது தெரியாது. மேலே இழுக்கும்போதுதான் திக்கும். நீங்கள் சொல்வதும் அதுவே.

ஆனால் அறிகுறி எப்போதும் இவ்வளவு தெளிவாக இருக்காது. ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக்: கீழே லீடிங், மேலே ட்ரெய்லிங். எரிப்பு வேலையில் பெரும்பங்கு லீடிங்குடையது. ட்ரெய்லிங் காயில் செத்துப்போனாலும் வண்டி ஓடும்; கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், அவ்வளவுதான். ஓட்டுபவருக்குத் தெரியாமலே மாதக்கணக்கில் கேட்டலிடிக் கெட்டுக்கொண்டிருக்கும். அதனால் ஒன்று போனால் அதை மட்டும் மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. நான்கையும் சேர்த்து மாற்றி, கி.மீ. குறித்து வையுங்கள்.

சரி, கிட்டுக்கு வருவோம். டர்போ இல்லாத, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் இன்ஜினில் நல்ல பொறிக்கு மேலே இன்னும் பெரிய பொறி போட்டு 15 குதிரைத்திறன் கூட்ட முடியாது. ஆஸ்திரேலியாவில் உங்கள் காருக்கு மாஸ்டா சொன்ன 170 கிலோவாட்டில், தளர்ந்த காயிலால் தொலைந்த பங்கு திரும்பி வரும். அதைப் புதிய கம்பெனி காயில்களே கொண்டுவந்துவிடும். பெரிய காயில்களின் உண்மையான நன்மை ஆயுள். அதற்காக வாங்குவதில் தவறில்லை. வாங்கினால் ஒன்றைக் கேளுங்கள்: ‘காருடைய ஈசியு (இன்ஜினை இயக்கும் கணினி) இப்போது கொடுக்கும் சார்ஜ் நேரத்திலேயே இந்தக் காயில் முழுதாக நிறையுமா, ட்யூனிங் வேண்டுமா?’ இதற்கு நேரான பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

என் ஆலோசனை: நான்கு அசல் காயில், நான்கு வயர், நான்கு பிளக். பிளக்கில் கவனம் தேவை. லீடிங்குக்கு என்ஜிகே ஆர்இ7சி-எல், ட்ரெய்லிங்குக்கு ஆர்இ9பி-டி. இரண்டும் வேறு வேறு. இடம் மாற்றிப் பூட்டக் கூடாது. மேல்-கீழ் மாறிப் பூட்டப்பட்ட வண்டியை நானே பிரித்துப் பார்த்திருக்கிறேன். என்ஜிகே பெயரில் போலிகள் நிறையச் சுற்றுகின்றன; பாதி விலையில் இணையத்தில் கண்டால் விலகிவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் கம்ப்ரஷன் சோதனை, அதாவது இன்ஜினுக்குள் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று பார்ப்பது. ஒவ்வொரு ரோட்டரிலும் மூன்று முகங்கள் இருப்பதால் சாதாரண கேஜ் போதாது. ரோட்டரிக்கான கருவி உள்ள இடத்துக்குப் போங்கள். 250 ஆர்பிஎம்முக்குக் கணக்கிட்டு 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்தால் காயிலில் காசு போடாதீர்கள். அந்த அறிக்கையோடு டீலரிடம் எழுத்தில் முறையிடுங்கள். விக்டோரியாவின் பழைய கார் வாரண்டி 10 வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான், உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் உத்தரவாதங்கள் டீலரிடம் வாங்கிய பழைய காருக்கும் உண்டு. வயதையும் விலையையும் பார்த்துத்தான் தரத்தை எடைபோடுவார்கள். தேய்ந்த காயிலுக்கு அவர் மறுக்கலாம். வாங்கிய ஒரே மாதத்தில் இன்ஜினே தளர்ந்திருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. அதுவரை ஒர்க்‌ஷாப்பில் எதையும் மாற்றவிட வேண்டாம். மாற்றிவிட்டால் கோளாறு எதனால் வந்தது என்ற வழக்கு கிளம்பும்.

கேள்வி: என்னிடம் 1993 ஆர்எக்ஸ்-7, அதுவும் ரோட்டரிதான், இரட்டை டர்போ. பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) கூட்டியிருக்கிறேன். எனக்கும் இதே பதில்தானா?

பதில்: இல்லை, நீங்கள் தாராளமாக வாங்கலாம். பூஸ்ட் கூடினால் அறைக்குள் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் பிளக் இடைவெளியைத் தாண்ட பொறிக்கு அதிக வோல்டேஜ் தேவை. உங்கள் வண்டியில் இன்னொரு பலவீனமும் உண்டு: இரண்டு லீடிங் பிளக்குக்கும் ஒரே காயில், அது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை பொறி விடுகிறது. பிளக்குக்கு ஒரு காயில் என்று நான்காகப் பிரித்து, சார்ஜ் நேரத்தை மாற்றத் தெரிந்த ஈசியுவோடு போடுங்கள். ‘ஒரே எரிப்பில் பல பொறி’ என்று விற்கும் பெட்டிகள் சுமார் 3,000 ஆர்பிஎம் வரைதான் அப்படிச் செய்யும். அதற்கு மேலே ஒரே பொறிதான், பூஸ்ட் ஏறும் இடத்தில் அந்தப் ‘பல பொறி’ உங்களுக்குக் கிடைக்காது. அப்புறம், பில்லில் வண்டியின் மாடலையும் ஈசியு பெயரையும் எழுதி வாங்குங்கள். மாற்றியதை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் அன்றே தெரிவித்துவிடுங்கள்.