வான்கோ முகத்தை மரத்தில் அச்சிட்டு வாங்கலாமா?

கேள்வி: வான்கோ 1887இல் தன்னையே வரைந்த படம், சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் இருப்பது, ரொம்பப் பிடிக்கும். அதை மரப்பலகையில் அச்சிட்டு 18க்கு 24 அங்குலத்தில் விற்கிறார்கள். ஹாலில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்ட நினைக்கிறேன். வாங்கலாமா, கேன்வாஸே மேலா?

வாங்கலாம். ஆனால் பணம் கட்டும் முன் கடைக்காரரிடம் கேளுங்கள்: வெள்ளை மை போட்டு அச்சிடுகிறீர்களா?

சாதாரண அச்சில் வெள்ளைக்குத் தனி மை கிடையாது. வெள்ளை வர வேண்டிய இடத்தில் மை படாமல் விட்டுவிடுவார்கள், காகிதமே வெள்ளைதானே. மரத்தில் அப்படி விட்டால் மரம்தான் தெரியும். அதோடு இந்த மைகள் அடியில் இருப்பதை மறைக்காது என்பதால், மஞ்சள் பழுப்புப் பலகைமேல் நீலம் விழுந்தால் பச்சைப் பக்கம் சாய்ந்து மங்கிப்போகும். உங்கள் படத்தில் ஆரஞ்சுத் தாடிக்கு இதனால் பெரிய சேதமில்லை. சிக்கல் பின்னணியில். அங்கே வான்கோ வைத்த நீல, பச்சைப் புள்ளிகள் எதிரே நிற்பதால்தான் தாடி அப்படி எரிகிறது, அவை மங்கினால் தாடி வெறும் தாடி. நான் முதலில் வாங்கிய மரப் பிரிண்ட் ஒரு பெண்ணின் முகம். கண்ணின் வெள்ளை டீக்கறை நிறத்தில் வந்திருந்தது, பார்த்த பெரியம்மா, "பாவம், காமாலையா?" என்றார்.

சரி, பலகை முழுக்க வெள்ளை பூசிவிட்டால்? நிறம் பளிச்சென்று வரும், மரத்தின் ரேகை மறைந்துவிடும், அப்புறம் மரம் எதற்கு? முகத்துக்கும் பின்னணிக்கும் மட்டும் வெள்ளை அடித்து, அவர் போட்டிருக்கும் கோட் பகுதியில் ரேகை தெரிய விடச் சொல்லுங்கள். என் ஓட்டு இதற்குத்தான்.

'வுட் பிரிண்ட்' என்ற பெயரில் எம்.டி.எஃப், அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் ஸ்டிக்கரை ஒட்டி விற்பதும் நடக்கிறது. படத்தின் ஓரத்தைக் கிட்டத்தில் எடுத்த போட்டோ கேளுங்கள். ப்ளைவுட் என்றால் அடுக்கடுக்கான கோடு தெரியும், எம்.டி.எஃப் என்றால் அட்டை மாதிரி ஒரே பழுப்பு. மூலையில் நகம் வைத்தால் தோல் மாதிரி எழும்புகிறதா, ஸ்டிக்கர்தான்.

அளவு விஷயத்தில், அசல் படம் வெறும் 41க்கு 32.5 சென்டிமீட்டர். 18க்கு 24 கேட்டால் மேலேயோ கீழேயோ காலியிடம் விடுவார்கள், இல்லையென்றால் பக்கவாட்டில் கொஞ்சம் வெட்டுவார்கள். 16க்கு 20 அங்குலம் ஏறக்குறைய அப்படியே பொருந்தும், அதுவே அசலைவிடப் பெரிது. அதற்கு 3200க்கு 4000 பிக்சலாவது உள்ள கோப்பு வேண்டும், இல்லாவிட்டால் புள்ளிகள் ஒன்றோடொன்று குழைந்துவிடும். இந்தப் படத்துக்குக் காப்புரிமை இல்லை, அருங்காட்சியகத் தளத்திலேயே இலவசமாக எடுக்கலாம், அதனால் 'உரிமைக் கட்டணம்' என்று யாராவது பில்லில் சேர்த்தால் கொடுக்காதீர்கள்.

கேன்வாஸா என்று தயங்க வேண்டாம், அசலே அட்டைப் பலகையில் வரைந்ததுதான். ஆனால் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் நேர் வெயில் விழுமானால் பக்கத்துச் சுவருக்கு மாற்றுங்கள். மழைக்காலத்தில் ஈரம் கசியும் சுவர் வேண்டவே வேண்டாம், பலகை வளையும், கரையானும் வரும். பின்பக்கமும் வார்னிஷ் அடித்துத் தரச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடைபட்ட பலகைதான் சீக்கிரம் வளைகிறது.

முழுப் படத்துக்கு ஆர்டர் போடும் முன், கண்ணும் தாடியும் கொஞ்சம் பின்னணியும் வருகிற மாதிரி உள்ளங்கை அளவு சாம்பிள் ஒன்று காசு கொடுத்தே வாங்கிப் பாருங்கள். தர மாட்டோம் என்றால் வேறு கடை.