கழிகிற ஆட்டுக்கு இன்னொரு பொடி எதற்கு?

கேள்வி: பள்ளத்தூரில் வீட்டுப் பின்புறம் கன்னி இனத்து ஆடு ஒன்றை வளர்க்கிறேன். சந்தையில் 9,000 ரூபாய்க்கு வாங்கியது. வந்ததிலிருந்து விட்டுவிட்டுக் கழிகிறது. மருந்துக் கடையில் முதலில் அல்பெண்டசோல், பிறகு ஃபென்பெண்டசோல், அதன்பின் கல்லீரல் டானிக் கொடுத்தார்கள். ‘ஒரு மூடி ஊற்றுங்கள்’ என்றார்கள். இரண்டு நாள் நிற்கிறது, மறுபடி தொடங்குகிறது. ஊருணிக் கரையில் மேய்கிறது. கல்யாண வீடுகளில் மிஞ்சும் சோறும் இட்லியும் தருகிறோம். இப்போது 650 ரூபாய்க்கு ஒரு குடல் பொடி வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம், அம்மா. முதலில் சாணத்தைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். காலையில் போட்ட சாணத்தை, மண் ஒட்டாமல் சுத்தமான டப்பாவில் எடுத்து, வெயில் படாமல் அன்றே அரசு கால்நடை மருந்தகத்தில் கொடுத்தால் போதும். கழிச்சல் நோயல்ல, நோயின் அடையாளம். என்ன நோய் என்று தெரியாமல் வாங்கும் ஒவ்வொரு பாட்டிலும் சீட்டாட்டம்தான்.

நீங்கள் வாங்கிய இரண்டு பூச்சி மருந்துகளும் பெயரில்தான் வேறு. இரண்டும் ஒரே மருந்துக் குடும்பம். ஒன்றுக்கு அடங்காத புழு மற்றதற்கும் பெரும்பாலும் அடங்காது. ‘மருந்தை மாற்றியாயிற்று’ என்று கடையில் சொன்னால், லேபிளில் உள்ள மூலப்பொருளின் பெயரைப் படியுங்கள். மூடிக் கணக்கும் ஆகாது. எடைக்கு ஏற்ற அளவு குறைந்தால் புழு சாகாது, மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்ளும். ஒரே மருந்து வெவ்வேறு அடர்த்திகளில் வருவதால், ஒரு பாட்டிலின் அளவு இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஆடு சினையாக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சினையின் தொடக்கத்தில் அல்பெண்டசோல் கொடுக்கக் கூடாது.

உங்கள் கடிதத்திலேயே இரண்டு துப்புகள் இருக்கின்றன. ஒன்று ஊருணிக் கரை. தண்ணீர் வற்றும்போது ஓரத்துப் புல்லில் நத்தை வழியாக வந்த தட்டைப்புழுவின் இளம் பருவம் ஒட்டியிருக்கும். இரைப்பையில் தங்கும் தட்டைப்புழுவின் குஞ்சுகள் நாற்றமடிக்கும் கழிச்சலைத் தரும்; தாடைக்குக் கீழே பை போல வீங்கும். அதற்கு நீங்கள் வாங்கிய இரண்டும் சரியான மருந்தல்ல. ஆக்சிக்ளோசனைடு போன்றவைதான் கேட்கும். இளம் ஆடு என்றால் காக்சிடியா என்ற நுண்ணுயிரியும் காரணமாகலாம். எந்தப் பூச்சி மருந்தும் அதைத் தொடாது.

இன்னொரு துப்பு சோறு. அசைபோடும் பிராணியின் முதல் வயிறு இலைதழைக்குப் பழகியது. சோறும் இட்லியும் ஒரேயடியாக உள்ளே போனால் அங்கே புளித்து அமிலம் பெருகும். கழிச்சல் வரும், மிதமிஞ்சினால் ஆடே போய்விடும். நம் பக்கம் பந்தி நடந்த மறுநாள் ஆடுகள் படுத்துவிடுவதற்கு அதுவே காரணமாக இருப்பதுண்டு. திருஷ்டியைக் குறைசொல்லிப் பயனில்லை. சோற்றை இன்றே நிறுத்துங்கள். அகத்தி, ஆல், வேம்பு, கொஞ்சம் வைக்கோல், நிறையத் தண்ணீர் கொடுங்கள். பனி காயும் முன் மேய விடாதீர்கள்.

கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் இரத்தச் சோகை. இடப்பக்க வயிறு உப்பினாலோ, அசைபோடுவதை நிறுத்தினாலோ, சாணத்தில் இரத்தம் வந்தாலோ, காய்ச்சலுடன் வாய்ப்புண் இருந்தாலோ காத்திருக்காமல் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு அழையுங்கள்.

கேள்வி: விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்டுப் பார்க்கலாம்; கிடைக்குமா என்பது வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி அசையும் சொத்து எல்லாமே பொருள்தான், ஆடும் அதில் அடங்கும். விற்றவர் வியாபாரியாக இருந்து, நீங்கள் வாங்கி விற்கும் வணிகத்துக்காக வாங்கவில்லை என்றால், 2 ஆண்டுகளுக்குள் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. ஆனால் சந்தையில் ரசீது ஏது? வாங்கிய அன்றே நோய் இருந்தது என்பதையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஊருணியும் கல்யாணச் சோறும் இருக்கும் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் அந்த வழக்கைப் போட மாட்டேன்.

அடுத்த முறை, ஆடு புழுக்கை போடும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். வாலுக்கடியில் ஈரக்கறை இருக்கிறதா, தாடை தொங்குகிறதா, இமை வெளுத்திருக்கிறதா என்று பார்த்தபின் விலை பேசுங்கள். எடை கூட வயிறு முட்டத் தண்ணீர் காட்டிக் கொண்டுவருவது சந்தைக்குப் புதிதல்ல. மருந்துக்குப் பில் வாங்குங்கள், அதில் மருந்தின் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) இருக்கட்டும். மருந்துக் கடை பில் தர மறுத்தால் நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் சொல்லலாம்.

கேள்வி: பேசாமல் கறிக்கடைக்கு விற்றுவிடட்டுமா?

பதில்: இப்போது கூடாது. பூச்சி மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் கழித்துத்தான் பாலையும் கறியையும் பயன்படுத்தலாம் என்று லேபிளில் போட்டிருக்கும். போடாத பாட்டிலாக இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை பாலையும் வீட்டில் யாருக்கும் கொடுக்காதீர்கள்.