பதில்: தடியான ஸ்லீப்பிங் பேக் இருந்தும் குளிருது, இன்னும் நல்லது வாங்கணுமா?

மூணு பேர், ரெண்டு நைட் டென்ட் போட்டு கேம்பிங், செலவு கம்மியா இருக்கணும், போன தடவை பேக் தடியா இருந்தும் குளிர்ல தூங்கவே முடியலன்னு எழுதியிருக்கீங்க. புது பேக் வாங்காதீங்க, பிரச்சனை மேல இல்ல, கீழ. நீங்க படுத்ததும் உங்க வெயிட்ல பேக்கோட அடிப்பக்கம் அமுங்கி உள்ள இருக்கற காத்து போயிடும், சூட்டைக் காக்குறதே அந்தக் காத்துதான், அப்புறம் ராத்திரி பூரா தரை உங்க சூட்டை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். ஒரு ஃபோம் மேட் போதும், விலை கம்மி, பஞ்சரும் ஆகாது. ஆர் வேல்யூன்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, அது கூடக்கூட குளிர் ஏறாது, ரெண்டு மேட்டை ஒண்ணு மேல ஒண்ணு போட்டா ரெண்டு நம்பரும் கூடும், அதனால வீட்ல யோகா மேட் இருந்தா அதையும் அடியில போடுங்க. சாதா காத்து மெத்தை மட்டும் வேணவே வேணாம், அதுல காத்து ஒரே இடத்துல நிக்காம சுத்திக்கிட்டே இருக்கறதால சூட்டைக் காக்காது, அதுக்கு வெறுந்தரையே பரவால்ல (கொஞ்சம் ஓவரா சொல்றேன்தான்).

டென்ட் தெரிஞ்சவங்ககிட்ட இரவல் வாங்குங்க, ஆனா 3 பேர்னு போட்டதுல பைகளை வைக்க இடமே இருக்காது, 4 பேர் சைஸ் கேளுங்க. குளிருதேன்னு டென்ட்ல காத்து போக வச்சிருக்கற வென்ட்டை மூடிடாதீங்க, மூச்சுல வர்ற ஈரம் உள்ள தண்ணியா நின்னு சொட்டும்.

நீங்க எழுதியிருக்கற துணி லிஸ்ட்டைப் பாதியா வெட்டலாம். தூங்கறதுக்குன்னு ஒரு செட் காஞ்ச டிரஸ், சாக்ஸ் தனியா கவர்ல கட்டி வச்சிடுங்க, அதைப் பகல்ல தொடக்கூடாது. அப்புறம் டென்ட்டுக்கு அடியில ஷீட் விரிச்சா ஓரம் வெளிய நீட்டாம மடிச்சு விடுங்க, இல்லன்னா மழைத்தண்ணி அது வழியா நேரா அடியில வந்து நிக்கும்.