கம்ப்யூட்டர் உதவியும் பரிசோதனை நாவலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வீட்டிலும் அலுவலகத்திலும் யாருக்குக் கம்ப்யூட்டரில் சிக்கல் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். "ஏதோ வந்தது, ஓகே அமுக்கிட்டேன்" என்பார்கள். என்ன வந்தது என்று கேட்டால் தெரியாது. சொன்னதையே சொல்லிச் சொல்லி எரிச்சல்தான் மிச்சம். இன்னொன்று, கதை சொல்லும் வடிவத்தையே மாற்றிப் பார்க்கும் பரிசோதனை நாவல்களை நீங்கள் பாராட்டி எழுதுகிறீர்கள். எனக்கு அவை வாசகனை மட்டம் தட்டுவதாகவே படுகின்றன. உங்கள் கருத்து என்ன?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கம்ப்யூட்டர் முன்னால் அவர்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறார்களோ, அப்படித்தான் அந்த நாவல்கள் முன்னால் நீங்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

திரையில் வந்ததைப் படிக்காமல் ஓகே அமுக்குவது பெரும்பாலும் பயத்தினால். எதையாவது தொட்டு எல்லாம் அழிந்துவிடுமோ என்ற பயம். அந்தச் செய்தியை எழுதியவரும் இவரை மனதில் வைத்து எழுதியிருக்க மாட்டார். நாம் பொறுமையிழந்து, "இங்க கொடுங்க" என்று மவுஸைப் பிடுங்கி நாலே க்ளிக்கில் முடித்துக் கொடுத்தால், இது தனக்கு வராது என்பதைத்தான் அவர் கற்றுக்கொள்கிறார். கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். வந்த செய்தியை அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கேன்சல் கொடுத்தால் ஒன்றும் ஆகாது என்பதை அவர் கையாலேயே செய்து பார்க்கட்டும். நேரம் பிடிக்கும், எரிச்சலும் வரும். ஆனால் அப்புறம் போனில் கூப்பிட்டால் என்ன வந்தது என்று படித்துச் சொல்வார்.

நல்ல பரிசோதனை நாவலும் வாசகனின் பயத்தை இப்படித்தான் போக்குகிறது. அர்ஜென்டினா எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தஸாரின் 'ஹாப்ஸ்காட்ச்' (1963) நாவலில் 155 அத்தியாயங்கள். 56 வரை வரிசையாகப் படித்து நிறுத்திவிடலாம், அல்லது 73-இல் தொடங்கித் தான் தரும் வரிசைப்படி தாவலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். பிரிட்டிஷ் எழுத்தாளர் பி.எஸ். ஜான்சனின் 'தி அன்ஃபார்ச்சுனேட்ஸ்' (1969) நாவல் பைண்ட் செய்யாத 27 பகுதிகளாக ஒரு பெட்டியில் வந்தது. முதலும் கடைசியும் எது என்று குறித்திருக்கும். நடுவில் இருப்பவற்றை எப்படியும் கலைத்துப் படிக்கலாம். கால்பந்து ஆட்டம் ஒன்றைப் பற்றி எழுதப் போகிற ஒருவனுக்கு, புற்றுநோயில் இறந்த நண்பனின் நினைவுகள் முன்னும் பின்னுமாக வருகின்றன. துக்கம் வரிசையாகவா வரும்? அந்தப் பெட்டி ஏன் என்பது கதைக்குள்ளேயே இருக்கிறது.

காரணமே இல்லாமல் வரிசையைக் குலைத்துவிட்டு, புரியாவிட்டால் உன் தரம் அவ்வளவுதான் என்று நிற்கும் புத்தகங்களும் உண்டு. தமிழிலும் உண்டு. அவற்றை நான் பாதியில் மூடிவிடுகிறேன். நீங்களும் தாராளமாக மூடலாம், அதில் உங்கள் குறை எதுவும் இல்லை. ஆனால் அவற்றை வைத்து மொத்த வகையையும் ஒதுக்கிவிடாதீர்கள். ஜான்சனிலிருந்து தொடங்குங்கள். சில பகுதிகள் ஓரிரு பக்கம்தான். ஒரே மாலையில் நாலைந்து படித்துவிடலாம்.