பால் பல்லை உறைய வைக்கப் பணம் கட்டலாமா?

கேள்வி: மகளுக்கு ஏழு வயது. ஆடும் பால் பல்லில் உள்ள ஸ்டெம் செல்லைச் சேமித்தால் பிற்காலத்தில் குடும்பத்தில் யாருக்கு வைத்தாலும் உடல் ஏற்கும், அழற்சி நோய்களையும் அடக்கும் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். பால் பல்லின் கூழில் (பல்லுக்குள் இருக்கும் மென்மையான திசு) ஸ்டெம் செல், அதாவது பலவகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல், இருப்பது 2003-லேயே பதிவான செய்தி. ஐடிஓ நொதி, புரோஸ்டாகிளாண்டின் இ2 என்று தாம் உண்டாக்கும் பொருட்களின் வழியே அவை டி செல்கள் (நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகை) பெருகாமல் பிடித்து வைக்கின்றன; மேக்ரோபேஜ்களை (கிருமிகளை விழுங்கும் செல்கள்) புண் ஆற்றும் வேலைக்குத் திருப்புகின்றன. ஆனால் இதற்கான சான்றுகளில் பெரும்பகுதி ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிலும் கிடைத்தவை.

'யார் உடலும் ஏற்கும்' என்பது விற்பனைப் பேச்சு. தன் செல்லா பிறர் செல்லா என்று உடல் பிரித்தறிய உதவும் எச்எல்ஏ இரண்டாம் வகை அடையாளம் இச்செல்களில் சாதாரணமாக மிகக் குறைவுதான். அழற்சி உள்ள இடத்தில் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற நோய் எதிர்ப்புப் புரதம் பட்டதும் அது கூடிவிடும். அப்புறம் பிறர் உடல் எதிர்க்காது என்று யார் உறுதி தருவது?

2018-ல் வெளியான ஒரு சோதனையில், அடிபட்ட நிரந்தரப் பற்களில் கூழை மீண்டும் வளர்த்தார்கள். வைத்தது அந்தந்தக் குழந்தையின் சொந்தப் பால் பல் செல்களைத்தான்.

சேமிப்பதென்றே முடிவெடுத்தால், பல் தானாக விழும்வரை காத்திருக்காதீர்கள். நூலிழையில் தொங்கும் பல்லில் கூழ் காய்ந்திருக்கக்கூடும். முன்பற்கள் அல்லது கோரைப்பல், வேரில் மூன்றில் ஒரு பங்காவது மிச்சமிருக்கையில், மருத்துவர் எடுக்க வேண்டும். உள்ளே கூழ் சிவப்பாகத் தெரிய வேண்டும். கூழ்வரை போன சொத்தைப் பல் வேண்டாம்: கிருமி கலந்திருக்கும், அழற்சியில் கிடந்த செல்களின் அடக்கும் திறனும் குன்றியிருக்கலாம். குழாய்த் தண்ணீரில் கழுவவோ பஞ்சில் சுற்றவோ கூடாது. நிறுவனம் தரும் கிருமிநீக்கிய திரவத்தில் போட்டு, குளிர்ச்சியாக, 48 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். வீட்டு ஃப்ரீசரில் வைத்தால் பனிப்படிகம் செல்லைக் கிழித்துவிடும்.

கையெழுத்துக்கு முன் எழுத்தில் கேளுங்கள்: உறைய வைப்பது கூழையா, வளர்த்த செல்களையா? வளர்த்தது என்றால் எத்தனை முறை பிரித்து வளர்த்தது? (அதிகமானால் செல் கிழடாகிவிடும்.) உருக்கிய பின் உயிரோடிருப்பது எத்தனை சதவீதம்? மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் கலந்துவிடும் நுண்கிருமி), எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) சோதனை அறிக்கை தருவார்களா? செல் வளரவே இல்லையென்றால் பணம் திரும்புமா? நிறுவனம் மூடினால் குப்பி யார் பொறுப்பு? கடைசி இரண்டுக்கும் மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். இப்போது சேமிக்காவிட்டாலும், பின்னாளில் ஞானப்பல் எடுக்க நேர்ந்தால் அதன் கூழிலும் இவ்வகைச் செல்கள் உண்டு.