தேநீர்க் கறை படிந்த லென்ஸ்

கேள்வி: 60 வாட் கார்பன் டை ஆக்சைடு லேசரில் 3 மி.மீ. பிளைவுட் வெட்டிப் பெயர்ப்பலகை செய்கிறேன். ஒரே ஓட்டத்தில் வெட்டிய இயந்திரம், இப்போது இரண்டு முறை ஓட்டியும் ஓரத்தைக் கருக்குகிறதே தவிர, துண்டு விழுவதில்லை. லேசர் குழாயை மாற்ற வேண்டுமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: பொறுங்கள், முதலில் கதிரைக் குவிக்கும் லென்ஸைக் கழற்றிப் பாருங்கள். நானும் ஒருமுறை புதுக் குழாய்க்குப் பணம் கட்டப்போனவன்தான். லென்ஸின் அடிப்பக்கத்தில் தேநீர்க் கறைபோலப் பழுப்பு வளையம்! எல்லாம் பிளைவுட் பசையின் புகை. அந்த அழுக்கு கதிரை விழுங்கி லென்ஸைச் சூடாக்கும், விட்டுவைத்தால் விரிசல்தான்.

மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, ரப்பர் பந்தால் தூசியை ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். லென்ஸ் தாளில் இரண்டு சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு, அழுத்தாமல் ஒரே பக்கமாக இழுங்கள். ஒரு தாளுக்கு ஒரே இழுப்பு. சட்டை நுனியால் துடைக்கவே வேண்டாம். லென்ஸ் துத்தநாக செலினைடு. எளிதில் கீறும், உடைந்தால் அதன் தூள் நஞ்சு. கையுறை அவசியம். குவிந்த பக்கம் மேலே இருக்கும்படி மாட்டுங்கள்.

கதிரை லென்ஸுக்குத் திருப்பிவிடும் மூன்று கண்ணாடிகளையும் அப்படியே துடையுங்கள். லென்ஸுக்கு மேலுள்ளதில்தான் புகை அதிகம் படியும்.

தொலைமூலையில் மட்டும் வெட்டாவிட்டால், அது அழுக்கல்ல, கண்ணாடிகளின் கோணல். லென்ஸ் பொருத்திய தலையில் கதிர் நுழையும் துளைமேல் காகித டேப் ஒட்டி, மூடியைச் சாத்தி, நான்கு மூலைகளிலும் ஒரு கணம் சுடுங்கள். புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும்.

வெட்டும் இடத்தில் காற்று ஊதும் கம்ப்ரசரின் தொட்டியில் தேங்கிய நீரையும் வடித்துவிடுங்கள். அந்த ஈரமும் லென்ஸுக்குத்தான் போகிறது.