பதில்: எட்டு மைக் வைத்தும் டிரம்ஸ் சின்னதாகவே கேட்கிறது

வணக்கம். ஒவ்வொரு டிரம்முக்கும் ஒட்டி ஒரு மைக் வைத்து, லெட் செப்பலின் என்ற ராக் இசைக்குழுவின் ‘வென் த லெவி பிரேக்ஸ்’ பாடல் மாதிரி கனமான சத்தம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒட்டி வைப்பதுதான் சிக்கல். அந்தப் பாடலில் நீங்கள் கேட்பது டிரம்ஸை மட்டுமல்ல, ஒரு வீட்டையும் சேர்த்துத்தான்.

இங்கிலாந்தின் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில் பதிவானது அது. குழுவின் டிரம்மர் ஜான் பானமின் டிரம்ஸை மாடிப்படி அடியில் உள்ள கூடத்தில் போட்டார்கள். ஒலிப்பொறியாளர் ஆண்டி ஜான்ஸ் இரண்டே இரண்டு பேயர்டைனமிக் எம்160 மைக்குகளை மேல்மாடியிலிருந்து தொங்கவிட்டார். அப்புறம் கம்ப்ரஸரில் (உரத்த ஒலியை அடக்கி, மெல்லிய ஒலியை மேலே கொண்டுவரும் கருவி) நன்றாக அழுத்தி, பின்சன் எக்கோரெக் எதிரொலிக் கருவியையும் சேர்த்தார்கள். பானம் அடித்த விதத்தையும் மறக்கக்கூடாது. ஒவ்வொரு டிரம்மின் சத்தமும் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைத் தன் அடியாலேயே சமன்செய்துகொண்டு வாசித்தவர் அவர்.

நீங்கள் ஆறு மைக்கைக் கழற்றி வையுங்கள். வீட்டில் கைதட்டிக்கொண்டே நடந்து, ஒலி அழகாக நீளும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். மாடிப்படி, காலியான ஹால், எதுவானாலும் சரி. இரண்டு மைக்கையும் மூன்று மீட்டர் தள்ளி, ஸ்னேர் டிரம்மிலிருந்து (கரகரவென்று ஒலிக்கும் சின்ன டிரம்) சம தூரத்தில் வையுங்கள். தூரம் மாறினால் ஒலி முன்பின்னாக வந்து அடிச்சத்தம் மெலிந்துவிடும். சிம்பலை (உலோகத் தட்டு) மட்டும் மெதுவாக அடிக்கும்படி டிரம்மரிடம் சொல்லுங்கள். கம்ப்ரஸர் அதைத்தான் முதலில் தூக்கிக் காட்டும்.